பெயரற்ற நோய்: ஆன் பான்கேக்கின் புதினத்தில் மேற்பரப்புச் சுரங்கமும் உடலும்

முன்னுரை

நிலக்கரியைப் பற்றிய இலக்கியம் பெரும்பாலும் நிலத்தடியைப் பற்றிய இலக்கியமாகவே வளர்ந்துள்ளது. இருண்ட சுரங்கவழி, கூரை சரிதல், வெள்ளம் புகுதல், உள்ளே சிக்கிய தொழிலாளி, வாயிலில் காத்து நிற்கும் குடும்பம் ஆகியன அதன் வழக்கமான கூறுகள். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலாவின் 'ஜெர்மினல்' (1885) வகுத்துக் கொடுத்த இவ்வடிவம் பல மொழிகளில் இன்றும் தொடர்கிறது. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலக்கரி எடுக்கும் முறை மாறியது. நிலத்தைத் துளைத்து உட்செல்வதற்கு மாற்றாக, நிலத்தையே அகற்றி எடுக்கும் மேற்பரப்புச் சுரங்க முறை பரவியது. முறை மாறியபோது துன்புறுவோரும் மாறினர். சுரங்கத்தில் இறங்கியவரோடு, சுரங்கத்தில் ஒருநாளும் கால் வைத்திராத அண்டைவீட்டாரும் நோய்வாய்ப்படத் தொடங்கினர்.

இம்மாற்றத்தை இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஆன் பான்கேக் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்ட்ரேஞ்ச் ஆஸ் திஸ் வெதர் ஹேஸ் பீன்' என்னும் புதினம் ஆய்வு மூலமாகக் கொள்ளப்படுகிறது. அகப்பாடல் மரபில் வரும் நோய், வெறியாட்டு, அறத்தொடு நிற்றல் ஆகிய கருத்தாக்கங்கள் இப்புதினத்தைப் படிக்க எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதும் ஆராயப்படுகிறது.

சுரங்க முறையும் சுற்றுப்புறமும்

புதினத்தின் களம் மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதி. அப்பலாச்சிய மலைத்தொடரைச் சேர்ந்த இப்பகுதியில் 'மலையுச்சி அகற்றல்' எனப்படும் மேற்பரப்புச் சுரங்க முறை 1990களில் பெருகியது. முதலில் காடு அழிக்கப்படும். பின்னர் வெடிமருந்திட்டு மலையின் மேற்பகுதி தகர்க்கப்படும். பேரளவு இயந்திரங்கள் பாறையையும் மண்ணையும் வாரி அருகிலுள்ள பள்ளத்தாக்கில் கொட்டும். அங்கு ஓடிய சிற்றோடைகள் அதன் அடியில் புதையும். 1985 முதல் 2001 வரை இவ்வாறு புதையுண்ட ஓடைகளின் நீளம் 700 மைலுக்கும் மிகுதி என அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டது. வெட்டிய நிலக்கரியைக் கழுவிய கரிச்சேறு மலைமேல் அணைகட்டித் தேக்கப்படும்.

இச்செயல்முறையின் ஒவ்வொரு படியும் கீழே வாழ்வோரின் உடலை ஒரு வழியில் தொடுகிறது. வெடியினால் எழும் நுண்துகள் மூச்சில் கலக்கிறது. உடைந்த பாறையினூடே இறங்கும் மழைநீர் சல்பேட்டு, செலினியம் முதலியவற்றைக் கரைத்து ஓடைக்குக் கொணர்கிறது. கிணற்று நீர் கெடுகிறது. மரமும் மேல்மண்ணும் இல்லாத சரிவில் மழைநீர் தங்காமல் வெள்ளமாகப் பாய்கிறது. தேக்கிய கரிச்சேறு உடையுமோ என்னும் அச்சம் உறக்கத்தைக் கெடுக்கிறது. காற்று, நீர், மண், மனம் ஆகிய நான்கின் வழியாகவும் நோய் வருவதால், எது எதனால் வந்தது எனப் பிரித்துக் காட்டுவது கடினமாகிறது.

பெயர் பெற்ற நோயும் பெயர் பெறாத நோயும்

நிலத்தடித் தொழிலாளியின் நோய்க்குப் பெயர் உண்டு. நிலக்கரித் தூள் படிந்து நுரையீரல் இறுகும் அந்நோயை மக்கள் 'கருநுரையீரல்' என்றனர். மேற்கு வர்ஜீனியாவின் பார்மிங்டன் சுரங்கத்தில் 1968 நவம்பரில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 78 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு அம்மாநிலத் தொழிலாளர்கள் கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். 1969 ஆம் ஆண்டின் இறுதியில் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இவ்வாறு உடலில் இருந்த துன்பம் முதலில் பெயராகவும், பின்னர்ப் போராட்டமாகவும், அதன்பின் சட்டமாகவும் வடிவெடுத்தது.

மேற்பரப்புச் சுரங்கத்தின் அண்டைவீட்டாருக்கு இவ்வழி திறக்கவில்லை. அவர்களுக்கு வரும் நெஞ்சகநோய், சிறுநீரகநோய், மிகைக் குருதியழுத்தம், புற்றுநோய் ஆகியன சுரங்கமே இல்லாத ஊரிலும் வருவன. நோயின் முகத்தைப் பார்த்து அதன் பிறப்பிடத்தைச் சொல்ல இயலாது. கருநுரையீரலை ஊடுகதிர்ப் படத்தில் காட்டலாம். அண்டைவீட்டாரின் நோயைப் புள்ளிவிவரப் பட்டியலிலேயே காட்ட இயலும்.

அப்பட்டியல்களும் தொகுக்கப்பட்டுள்ளன. மைக்கேல் ஹென்ட்ரிக்ஸ், மெலிசா அஹெர்ன் ஆகியோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த 16,493 பேரிடம் பெற்ற தரவுகளை ஆராய்ந்தது. நிலக்கரி உற்பத்தி மிகுந்த வட்டாரங்களில் நுரையீரல் நோய், சிறுநீரக நோய், மிகைக் குருதியழுத்தம் ஆகியன மிகுந்திருந்தன. அஹெர்ன் முதலியோரின் 2011 ஆய்வு 1996 முதல் 2003 வரையிலான பிறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. மலையுச்சிச் சுரங்கப் பகுதிகளில் பிறவிக்குறைகள், சுரங்கமற்ற பகுதிகளைவிட ஏறத்தாழ 26 விழுக்காடு மிகுதி என அது கண்டது. தாயின் வயது, புகைப்பழக்கம் போன்ற பிற காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நின்றது.

இவற்றுக்கு மறுப்பும் எழுந்தது. பதிவுசெய்த மருத்துவமனைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கருதினால் இம்மிகுதி நில்லாது என 2015 இல் வந்த மறு ஆய்வொன்று வாதிட்டது. கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2017 ஆம் ஆண்டின் மீளாய்வொன்று, உறுதியான முடிவுக்குச் சான்று போதாது என்றது. அதே ஆண்டு ஆகத்தில், தேசிய அறிவியல் கழகங்கள் மேற்கொண்டிருந்த விரிவான உடல்நல ஆய்வை அமெரிக்க உள்துறை அமைச்சகம் இடைநிறுத்தியது. 'சான்று போதாது' என்ற கூற்றும், சான்று தேடிய முயற்சி நிறுத்தப்பட்டதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை கருதத்தக்கது. அறியாமையும் உண்டாக்கப்படும் பொருளே என்பதற்கு இது சான்று.

புதினத்தில் நோய்

பான்கேக்கின் புதினம் இவ்வாய்வுகளுக்கு முன்னரே வெளிவந்தது. அதன் கதை 2000 ஆம் ஆண்டை ஒட்டியது. மலையுச்சி அகற்றப்படும் எல்லோரூட் என்னும் மலையின் அடியில் லேஸ், ஜிம்மி மேக் இணையரும் அவர்தம் நான்கு பிள்ளைகளும் வாழ்கின்றனர். மூத்தவள் பான்ட், அடுத்தவர் டேன், கோரி, டாமி. கதை ஒருவர் வாயால் சொல்லப்படவில்லை. தாய், மகள், சிறுவர்கள், அண்டைவீட்டார் எனப் பலர் மாறிமாறி இயல்களை ஏற்கின்றனர்.

இப்பன்மைக் கூற்று நோயின் இயல்போடு பொருந்துவது. மேற்பரப்புச் சுரங்கத்தின் பாதிப்பு எவர் ஒருவரிடமும் முழுமையாக இல்லை. ஒரு குடும்பத்தில் பலரிடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. தாய்க்குச் சினமாகவும், தந்தைக்குப் புலம்பெயரும் வேட்கையாகவும், மகளுக்கு ஐயமாகவும், சிறுவனுக்கு அச்சமாகவும் அது வெளிப்படுகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர் படிப்பவர் ஒருவரே. மருத்துவர் பிரித்துக் காண்பதைப் புதினம் சேர்த்துக் காண வைக்கிறது.

இவ்வகையில் டேன் என்னும் பாத்திரம் தனித்துச் சுட்டத்தக்கது. பன்னிரண்டு வயதான அச்சிறுவன் முதிய பெண்ணொருவருக்கு வீட்டுவேலையில் உதவுகிறான். அவர் 1972 பிப்ரவரி 26 அன்று நிகழ்ந்த பஃபலோ கிரீக் பேரழிவில் தப்பியவர். அன்று நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் மாண்டனர். நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். சுரங்க நிறுவனம் அதனை 'இறைவன் செயல்' என்றது. அக்கதைகளைக் கேட்டுக் கேட்டு, தன் வயிற்றினுள் மீனொன்று இருப்பதாக டேன் உணர்கிறான். மழைபெய்யும்போது அது அசைகிறது. இதற்கு மருத்துவப் பெயர் எதனையும் ஆசிரியர் தரவில்லை. பிற பாத்திரங்களும் தரவில்லை. சிறுவன் அதனை எவரிடமும் சொல்வதும் இல்லை. பெயரற்ற நோயைப் பெயரிடாமலே காட்டும் இவ்விடமே புதினத்தின் உயர்ந்த பகுதி எனலாம்.

பஃபலோ கிரீக் மக்களை நேரில் கண்டு ஆராய்ந்த சமூகவியலர் கை எரிக்சன் 1976 இல் எழுதிய நூலில், தனிமனித அதிர்ச்சியினின்று வேறானதாகக் கூட்டு அதிர்ச்சி என்பதை விளக்கினார். ஊரவரைப் பிணைத்திருந்த உறவு அறுபடுவதையே அவர் அப்பெயரால் சுட்டினார். ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டி வாழ்வோரைக் கண்ட கிளென் ஆல்பிரெக்ட், 'சோலஸ்டால்ஜியா' என்னும் புதுச்சொல்லை 2003 இல் உருவாக்கினார். வீட்டைவிட்டு நீங்காமலே வீடு இழந்தவர் அடையும் துயரை அது குறிக்கும். பெயரற்ற நோய்க்குப் பெயர்தேடும் முயற்சிகளாக இவற்றைக் கொள்ளலாம். உடல் நோயையும் உள்ளத் துயரையும் ஒரே சொல்லால் சுட்டும் தமிழ் மரபுக்கு இம்முயற்சியின் தேவை எளிதில் விளங்கும். சங்க அகப்பாடல்களில் 'நோய்' என்பது இவ்விரண்டுமாகவே நிற்கிறது.

வெறியாட்டும் அறத்தொடு நிற்றலும்

அகப்பாடல் மரபில் நோயின் காரணத்தைத் தவறாகக் காணும் சூழல் ஒன்று விரிவாகப் பாடப்பட்டுள்ளது. தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, பசலை பரவுகிறது. தாய் காரணம் அறியாது வேலனை அழைக்கிறாள். வேலன் முருகு அணங்கியது எனக் கூறி வெறியாடுகிறான். உண்மைக் காரணம் தலைவியும் தோழியும் அறிந்ததே. ஐங்குறுநூற்றின் வெறிப்பத்து இச்சூழலையே பாடுவது. வெறியயர் களத்துக்கு வந்த முருகனையே அறியாதவன் எனத் தோழி இடித்துரைக்கும் பாடல் நற்றிணையில் உண்டு (34). குறிஞ்சிப்பாட்டில் தாய் அறிவோரை வினவியும் தெய்வம் பரவியும் காணாத காரணத்தைத் தோழி செவிலிக்கு எடுத்துரைக்கிறாள். இவ்வெடுத்துரைப்பு அறத்தொடு நிற்றல் எனப்படும்.

இவ்வமைப்பில் நான்கு கூறுகள் உள. புறத்தே தெரியும் மெலிவு ஒன்று. அதற்குப் பொருந்தாக் காரணம் கூறும் வல்லுநர் ஒருவர். உடனிருந்து அறிந்தவர் ஒருவர். அவர் வாய்திறக்க நேரும் தருணம். அப்பலாச்சிய மக்களின் நோய் பேசப்பட்ட முறையிலும் இந்நான்கும் காணப்படுகின்றன. அம்மக்கள் புகைப்பவர், வறியவர், உணவொழுக்கம் அற்றவர் என்னும் விளக்கங்கள் நெடுங்காலமாகவே முன்வைக்கப்பட்டன. இவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கில் கொண்டதும் அதனாலேயே. ஆயின் 2011 இல் பிறவிக்குறை ஆய்வு வெளிவந்தபோது, சுரங்கத் துறைக்காகச் செயற்பட்ட சட்ட நிறுவனமொன்று, நெருங்கிய உறவினருக்குள் மணம் என்னும் காரணத்தை ஆய்வாளர் கருதவில்லை என எழுதியது. கண்டனம் எழவே அக்குறிப்பு நீக்கப்பட்டது. மலைவாழ் மக்களைப் பற்றிய பழைய ஏளனம் ஒன்றே இங்கு மருத்துவக் காரணமாக மாறி வந்தது. மலையில் நிகழ்வதைவிட்டு மக்களின் குருதியில் காரணம் தேடும் இதனை நம் காலத்து வெறியாட்டு எனலாம்.

புதினம் இங்குத் தோழியின் இடத்தில் நிற்கிறது. பான்கேக் மேற்கு வர்ஜீனியாவில் வளர்ந்தவர். தம் உடன்பிறந்தவர் எடுத்த ஆவணப்படத்துக்காகச் சுரங்கப் பகுதி மக்களிடம் உரையாடியவர். தோழியின் அறிவு உடனிருத்தலால் பெற்ற அறிவு. அது புள்ளிவிவரத்துக்கு ஈடாகாது. புள்ளிவிவரம் அதற்கும் ஈடாகாது. எத்தனை பேருக்கு நோய் என்பதைப் பட்டியல் சொல்லும். நோயுற்றவர் ஏன் அதனை மருத்துவரிடம் சொல்லவில்லை, சுரங்கத்தில் ஊதியம் பெறும் அண்ணன் இருக்கும் வீட்டில் சுரங்கத்தைக் குறைகூறுவது எவ்வளவு கடினம் என்பதைப் புதினமே சொல்லும். நிலக்கரி வேலையை இழந்த ஜிம்மி மேக்கும், நிலக்கரிக்கு எதிராகக் கூட்டங்களுக்குச் செல்லும் லேஸும் ஒரே கூரையின் கீழ்ப் பேச்சற்று வாழ்வதைக் காட்டும் பகுதிகள் இதற்குச் சான்று.

பான்ட் மலைமேல் ஏறிப்பார்க்க முயலும் பகுதியும் இங்கு நோக்கத்தக்கது. தங்கள் வீட்டுக்கு மேலே கரிச்சேற்று அணை உள்ளதா, வெறும் மண்குவியலா என்பது குடும்பத்தாருக்குத் தெரியாது. சுரங்க எல்லைக்குள் நுழையத் தடை. எதற்கு அஞ்சுவது என்பதை அறியாமலே அஞ்சி வாழ நேர்வதே இம்மக்களின் முதல் நோய் எனப் புதினம் உணர்த்துகிறது.

இவ்வொப்பீட்டின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். உரையாசிரியர்கள் அறத்தொடு நிற்றலில் வரும் அறத்தைக் கற்பின் வழிப்பட்டதாகவே கொள்வர். அகப்பாடலில் நோய்க்குக் காரணமானவனே அதற்கு மருந்தும் ஆவான். உண்மை வெளிப்பட்டால் மணம் நிகழும். புதினத்தில் உண்மை வெளிப்பட்டாலும் நோய் தீர வழியில்லை. மலை திரும்ப வாராது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். அத்திரிபு வேனிலால் வருவது, மழையால் மீள்வது. மேற்பரப்புச் சுரங்கம் முதற்பொருளாகிய நிலத்தையே அகற்றிவிடுவதால், கருப்பொருளும் உரிப்பொருளும் மீண்டும் பொருந்துவதற்கு இடமே இல்லாமற் போகிறது. ஆகவே இங்கு ஒப்பிடப்படுவது அறிதலின் அமைப்பு மட்டுமே, முடிவு வேறு.

புதினத்தின் குறை

புதினத்தின் பிற்பகுதியில் கோரி என்னும் சிறுவன் நாற்சக்கர வண்டி விபத்தில் இறக்கிறான். இயந்திரங்களின்மேல் தீராத விருப்பம் கொண்டவன் அவன். மலையைத் தகர்க்கும் பேரியந்திரங்களையும் வியப்புடன் நோக்குபவன். அழிக்கும் பொருளின்மேல் அழிக்கப்படுவோர் கொள்ளும் மையலை இச்சாவு காட்டுகிறது என வாதிடலாம். அவ்வாதத்தில் பொருள் உண்டு. எனினும், நூல் முழுவதும் மெல்லப் பரவும் ஊறுபாட்டைப் பொறுமையுடன் வரைந்த ஆசிரியர், இறுதியில் ஒரு திடீர் இறப்பை நாடியது கதையின் போக்கைப் பழைய சுரங்கப் புதினத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. படிப்பவர் கண்ணீர் கோரிக்குச் செல்கிறது. டேனின் வயிற்று மீன் பின்னுக்குச் செல்கிறது. நிகழ்ச்சி இன்றி நோயை மட்டும் கொண்டு ஒரு புதினத்தை முடிக்க இயலுமா என்னும் வினாவுக்கு இந்நூல் முழு விடை தரவில்லை.

இந்திய நிலக்கரிப் புதினங்கள்

இக்குறை ஒரு நூலுக்கு மட்டும் உரியதன்று. இந்தியமொழிகளின் நிலக்கரிப் புதினங்களிலும் இதன் வேறொரு வடிவத்தைக் காணலாம். தன்பாதை அடுத்த சாஸ்நாலா சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27 அன்று வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சஞ்சீவின் 'சாவ்தான்! நீச்சே ஆக் ஹை' (1986) என்னும் இந்திப் புதினம் அத்தகைய பேரிடரையே மையமாகக் கொண்டது. இல்யாஸ் அகமது கத்தியின் 'ஃபயர் ஏரியா' என்னும் உருதுப் புதினம் 1996 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஜரியா நிலக்கரி வயலின் தொழிலாளர் வாழ்வையும் அதனைச் சூழ்ந்த அடாவடி ஆதிக்கத்தையும் அது விரிக்கிறது. தமிழில் கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி', நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் இழந்த மக்களைப் பேசுகிறது. விபத்து, சுரண்டல், நிலமிழப்பு ஆகிய மூன்றும் இவற்றின் உயிர்நாடி. இம்மூன்றுக்கும் சட்டத்திலும் சொல் உண்டு. அரசியலிலும் சொல் உண்டு.

ஆயின் இன்று கோல் இந்தியா நிறுவனத்தின் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது. 1916 இல் முதன்முதலாகக் குறிக்கப்பட்ட ஜரியாவின் நிலத்தடித் தீ இன்னும் அணையவில்லை. அதன் புகையினூடே மக்கள் வாழ்கின்றனர். நெய்வேலியில் சுரங்கம் தொடக்கம் முதலே திறந்தவெளி முறையிலானது. அடியிலுள்ள ஊற்றுநீரின் அழுத்தத்தைத் தணிக்க நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்தே அங்குப் பழுப்பு நிலக்கரி எடுக்கப்படுகிறது. 1952 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின்கீழ்த் தொழிலாளியின் நுரையீரல் நோய் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இருந்தது. சுரங்க வேலியின் மறுபுறம் குடியிருப்பவரின் இருமலுக்கு அவ்விடம் இல்லை. நம் புதினங்களில் அவர் இருமுகிறார். ஆயின் அவ்விருமல் பின்னணி ஓசையாகவே நின்றுவிடுகிறது. வேலையிழந்தவரும் நிலமிழந்தவரும் கதைத்தலைவர் ஆகின்றனர். நலமிழந்தவர் துணைப்பாத்திரமாகவே இருக்கிறார்.

திறனாய்வுக்கும் இதில் பங்குண்டு. சூழலியல் திறனாய்வு என்னும் பெயரில் நம் துறைகளில் நிகழும் ஆய்வுகள் பெரும்பாலும் இயற்கை வருணனையைத் தொகுப்பதிலும், திணைக்கோட்பாட்டின் பெருமையை நிறுவுவதிலும் அமைந்துவிடுகின்றன. மரம், பறவை, ஆறு ஆகியவற்றை எண்ணும் நாம், அந்நிலத்தில் வாழும் உடலை எண்ணுவதில்லை. திணைக்கோட்பாடு நிலத்தையும் உணர்வையும் பிரிக்காத கோட்பாடு. அதனை உண்மையாகவே பயன்கொள்ள விழைவோர், நிலம் நோயுற்றபோது மனிதர் எவ்வாறு நோயுற்றனர் என்னும் வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

முடிவுரை

மேற்பரப்புச் சுரங்கத்தின் அண்டைவீட்டாருக்கு வரும் நோய் தனக்கென முகமோ பெயரோ இல்லாதது. ஆகவே அதனை மறுப்பது எளிது. பான்கேக்கின் புதினம் பல குரல்களின் வழியாகவும், டேன் என்னும் சிறுவனின் உடலுணர்வின் வழியாகவும் அந்நோயைப் புலப்படுத்துகிறது. இறுதியில் விபத்தை நாடியது அதன் குறை எனினும், தொழிலாளியையே மையமாகக் கொண்டிருந்த சுரங்க இலக்கியத்தில் அண்டைவீட்டாரை மையத்துக்குக் கொணர்ந்தமை அதன் சிறப்பு.

புதினம் வழக்குமன்றத்தில் சான்றாவணம் ஆகாது; ஆகவேண்டியதும் இல்லை. கருநுரையீரல் என்னும் சொல் சட்டமாகும் முன்னர்த் தொழிலாளரின் வாய்மொழியாகவே இருந்தது. வழங்கும் சொல் இருந்தால்தான் கேட்கவும் போராடவும் ஆராயவும் இயலும். அச்சொல்லைத் தேடித் தருவது இலக்கியத்தின் பணி. நெய்வேலியிலும் ஜரியாவிலும் சுரங்கத்தை ஒட்டி வாழ்வோர் தம் நோயை எச்சொற்களால் சொல்லிக் கொள்கின்றனர் என்பதைத் தொகுப்பது தமிழாய்வாளரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளரும் உடன் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.